மருதமுனைத் தறியிலிருந்து உல்லைத் தெருவுக்கு

அறுகம்பேயில் ரோட்டோரம் மேசை போட்டு வெள்ளைக்காரருக்குச் சாமான் விற்கிறேன் என்று சொன்னால், எங்கள் ஊரில் சிலருக்கு முகம் ஒரு மாதிரியாகிவிடும். "படிச்ச பொடியன்தானே மனே, ஒரு உத்தியோகம் பார்க்கப்படாதா?" என்று மாமிமார் கேட்பார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள், தெரியும். அவர்களுக்கு ஒரு பதிலாகவும், வருகிற சீசனுக்கு உல்லையில் ஒரு மேசை போட்டுப் பார்க்கலாமா என்று என்னிடம் விசாரிக்கிற தம்பிமாருக்கு ஒரு விளக்கமாகவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

நான் விற்பது பெரும்பாலும் மருதமுனைக் கைத்தறிச் சாரன். கூடவே சால்வை, கடற்கரையில் விரிக்கிற அகலத் துணி, தோளில் மாட்டும் துணிப்பை. எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மருதமுனை கல்முனைக்கு வடக்கே, கடலோரமாக இருக்கிற முஸ்லிம் ஊர். கிழக்கு மாகாணத்தில் கைத்தறி என்றால் முதலில் நினைவுக்கு வருகிற பேர் அதுதான். ஒரு காலத்தில் எங்கள் ஒழுங்கைகளில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இப்போது சத்தம் குறைந்துவிட்டது. ஆனாலும் நின்றுவிடவில்லை.

மருதமுனையிலிருந்து பொத்துவிலுக்கு 70 கிலோமீட்டர் சொச்சம். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல். துணிப் பொதியை பஸ்ஸின் பின்பக்கம் ஏற்றிவிட்டு இருந்தால் கொண்டக்டர் தம்பி, "காக்கா, இன்டைக்கு எத்தனை சாரன்?" என்று கேட்பான். பொத்துவில் தாண்டிப் பாலத்தைக் கடந்தால் உல்லை. உலகம் அறுகம்பே என்று சொல்கிற ஊர் அதுதான்.

சீசன் எப்படி நடக்கிறது

ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் வரைக்கும் உல்லையில் ஆட்கள் இருப்பார்கள். கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற மாதங்களில் அலை ஒழுங்காக எழும்பி நீளமாக ஓடும். அதற்காகத்தான் அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் அலைப்பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மெயின் பொயிண்ட், பேபி பொயிண்ட், விஸ்கி பொயிண்ட், பொத்துவில் பொயிண்ட், பீனட் ஃபாம் என்று கரைக்குக் கரை பேர் வைத்திருக்கிறார்கள். வாடைக்காற்றும் மாரி மழையும் தொடங்கியதும் கூட்டம் கலைந்து வெலிகம, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ என்று தெற்குக் கரைக்குப் போய்விடும். அங்கே அப்போதுதான் சீசன் ஆரம்பம். எங்களில் சிலர் பொதியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போவார்கள். நான் போவதில்லை. மாரி மாதங்களில் ஊரில் இருந்து அடுத்த சீசனுக்கான நிறத்தையும் கோட்டையும் தறிக்காரரோடு உட்கார்ந்து தீர்மானிப்பேன்.

ஒரு நாளில் வியாபாரத்துக்கு இரண்டு நேரம். காலையில் அலையாடிவிட்டுப் பசியோடு திரும்புகிறவர்கள் சாமான் பார்க்க மாட்டார்கள், சாப்பாட்டுக் கடையைத் தேடிப் போவார்கள். சாப்பிட்டு முடித்துத் திரும்பி நடக்கிற 10 மணி வாக்கில்தான் நிற்பார்கள். பிறகு வெயில் சரிந்து அஸருக்குப் பின்னர் தொடங்கி இரவு வரைக்கும். நண்பகல் வெயிலில் தறப்பாளுக்குக் கீழே இருந்து துணி மடிப்பதுதான் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மேசையை மூடிவிட்டுப் போவேன். பக்கத்து மேசைச் சிங்களத் தம்பி பார்த்துக்கொள்வான். பத்து வருஷத்துக்கு முந்தி நோன்பு ஜூன், ஜூலையில், நடுச்சீசனில் வந்தது. நாக்கு வறண்டு போய் விலை சொன்ன நாட்கள் அவை. இப்போது நோன்பு முன்னுக்கு நகர்ந்து சீசனுக்கு முன்னரே முடிந்துவிடுகிறது.

மேசையில் இருப்பது யாருடைய சாமான்

உல்லைத் தெருவில் ஒரு தடவை நடந்து பாருங்கள். மர யானை, முகமூடி, யானைப் படம் போட்ட தொளதொளக் கால்சட்டை, மணிமாலை, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தம், பத்திக் துணி, தேயிலைப் பெட்டி. முகமூடி அம்பலாங்கொடைக்காரரின் கைவேலை. அந்த யானைக் கால்சட்டை தாய்லாந்துச் சுற்றுலாத் தெருக்களில் பேர் எடுத்துப் பிறகு உலகமெல்லாம் பரவியது. எல்லாம் விற்கிறது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அம்பலாங்கொடைக்காரரும் பிழைக்க வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடாமல் அரிக்கிறது. அம்பாறைக் கரையைப் பார்க்க உலகத்தின் மறுமுனையிலிருந்து வருகிற ஒருவர், அம்பாறைக் கரையில் செய்த எதையும் கையில் எடுக்காமல் ஏன் திரும்ப வேண்டும்? பஸ்ஸில் போனால் அரை நாளுக்குள் எட்டுகிற இடத்தில் தறி ஓடுகிறது. அட்டாளைச்சேனைப் பக்கத்து ஊர்களில் பெண்கள் பன் புல் வெட்டிக் காயவைத்துச் சாயம் போட்டுப் பாய் இழைக்கிறார்கள். அந்தப் பாயில் இருக்கிற கட்டத்தையும் நிறத்தையும் பார்த்தால் எந்த ஊர்க்காரரும் நின்று பார்ப்பார். அதெல்லாம் உல்லைக்கு வந்து சேர்வது அபூர்வம். செய்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் ஒரு ஆள் இல்லை. ரோட்டோர வியாபாரி அந்த ஆளாக இருக்க முடியும் என்பதுதான் இந்தத் தொழிலைப் பற்றி நான் நம்புவது.

விற்கிற விதம்

ஒரு மாலை நெதர்லாந்துக்காரக் கணவன் மனைவி வந்தார்கள். மனைவி நீலமும் மஞ்சளும் கலந்த சாரன் ஒன்றை எடுத்து, "இது மெஷினில் செய்ததுதானே? இவ்வளவு நேராக இருக்கிறதே" என்று கேட்டார். நான் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரண்டு கரையையும் காட்டினேன். கரையை ஒட்டி ஊசி குத்தியது மாதிரி சின்னச் சின்னத் துளைகள் வரிசையாக இருக்கும். நெய்யும்போது துணி உள்ளுக்குச் சுருங்காமல் இருக்க இரண்டு பக்கமும் முள்ளுள்ள சட்டம் ஒன்றை மாட்டி இழுத்துப் பிடிப்பார்கள். கொஞ்சம் நெய்ததும் கழற்றி முன்னால் மாட்டுவார்கள். அது விட்டுப்போன அடையாளம்தான் அந்தத் துளை. பிறகு துணியைப் புரட்டி உள்பக்கத்தைக் காட்டினேன். அச்சடித்த துணி என்றால் உள்பக்கம் வெளிறியிருக்கும். நூலுக்கே சாயம் போட்டு நெய்த துணியில் இரண்டு பக்கமும் ஒரே நிறம். ஓரத்தில் தொங்கிய ஒரு நூலைக் கிள்ளி நெருப்பில் காட்டினேன். தாள் எரிந்த வாசம், விரலில் தேய்த்தால் சாம்பல். பொலியெஸ்டர் என்றால் உருகிக் கறுப்பு உருண்டையாகிவிடும்.

அந்த அம்மா துளைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கணவர் விலை கேட்டார். சொன்னேன். "அங்கே இரண்டு கடை தள்ளி இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது" என்றார். "அதுவும் நல்ல துணிதான், அது வேறு இடத்தில் மெஷினில் நெய்தது" என்று சொல்லிவிட்டு என் கணக்கை விரித்தேன். நூல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. அதை நனைத்துச் சாயம் காய்ச்சிக் காயவைக்க வேண்டும். தார் சுற்ற வேண்டும். பாவு ஓட்டித் தறியில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் நெசவு. இத்தனை கைக்கும் கூலி போய், என் பஸ் காசும் மேசைக் காசும் போய், எனக்கு இவ்வளவு என்று என் இலாபத்தையும் சொன்னேன். இரண்டு சாரன் எடுத்தார்கள், பேரம் பேசவில்லை.

அதோடு முடியவில்லை. தறியைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். கல்முனைக்குப் போகும் வழியைச் சொல்லி, எனக்கு நெய்து தருகிற ராத்தாவின் வீட்டுக்கும் அறிவித்துவிட்டேன். ராத்தா தேத்தண்ணி கொடுத்து, அந்த அம்மாவைத் தறியில் இருத்தி நாடாவை வீசிப் பார்க்கவும் விட்டிருக்கிறார். நூல் ரெண்டு தரம் அறுந்ததாம். "அறுந்தா என்ன, முடிஞ்சு போட்டாப் போச்சு. எண்டெ வேலையப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தாங்களே" என்று ராத்தா என்னிடம் சொன்னார். அவர் தறியில் இருந்த காலமெல்லாம் அவருடைய துணியை வாங்கியவர் ஒருவரையும் அவர் நேரில் கண்டதில்லை.

தம்பிமாருக்குச் சொல்கிறேன், விற்பனைத் தந்திரம் என்று ஒன்றை என்னிடம் கேட்காதீர்கள். சாமானைப் பற்றி முழுக்கத் தெரிந்திருங்கள், தெரிந்ததை உள்ளபடி சொல்லுங்கள். கறை இருந்தால் கறையைக் காட்டி விலையைக் குறையுங்கள். குறையுள்ள சாமானைக் குறை சொல்லி விற்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கம் வியாபாரிக்குச் சொல்கிற பாடம். அது வியாபாரத்துக்கும் நல்லது. சீசனில் நல்ல வியாபாரத்தில் பாதி, ஏற்கெனவே வாங்கினவர் சொல்லி அனுப்பி வருகிறவர்களால்தான் நடக்கிறது.

இன்னொன்று. நாங்கள் உடுக்கிற சாரன் மூட்டியது. வெளிநாட்டுக்காரர் பெரும்பாலும் மூட்டாததைத்தான் கேட்பார்கள். இடுப்பில் சுற்றவும், மணலில் விரிக்கவும், தோளில் போர்த்தவும் அதுதான் வசதி. கடற்கரை உடுப்போடு பொத்துவில் டவுனுக்குப் போகப் போகிறவர்களிடம், "ஊருக்குள்ளே போகும்போது இதைச் சுற்றிக்கொண்டு போங்கள், எங்கள் ஆட்கள் சந்தோஷப்படுவார்கள்" என்று சொல்வேன். யாரும் முகம் சுளித்ததில்லை. ஊர் வழக்கம் என்ன என்று யாராவது மரியாதையாகச் சொன்னால் கேட்டு நடக்கத் தயாராகத்தான் வருகிறார்கள்.

விற்கக் கூடாதவையும் உண்டு. முருகைக்கல், ஆமையோடு, ஆமையோட்டில் செய்த சீப்பு, வளையல் எதையும் தொடாதீர்கள். முருகைக்கல்லும் ஆமையும் இலங்கைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. சில சங்கு வகைகளும் அப்படித்தான். வாங்கினவர் விமான நிலையத்தில் பிடிபட்டால் அவர் மனதில் நிற்பது உங்கள் முகமும் எங்கள் கரையின் பேரும். அதைவிடப் பெரிய காரணம், முருகைக்கல் இல்லாவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் எங்கள் ஊர்களில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது.

அடி விழும்போது முதலில் விழுவது யார் மேல்

இந்தத் தொழிலின் கஷ்டத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000-க்கும் மேல். கல்முனைக் கரையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் உல்லையும் ஒரே காலையில் அழிந்தன. கரையோர வீடுகளோடு தறிகளும் போயின. அறுகம்பேப் பாலமும் சேதமடைந்தது. பின்னர் அமெரிக்க உதவியில் புதுப் பாலம் கட்டினார்கள்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் சீசன் தொடங்குகிற வாரத்தில் நடந்தது. அந்த மே மாதம் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 37,802 பேர்தான். முந்திய வருஷம் அதே மாதம் 1,29,466 பேர். எங்களுக்கு அது வியாபார நட்டம் மட்டுமில்லை. முஸ்லிம் பேர் சொன்னாலே சந்தேகத்தோடு பார்த்த காலம். அந்த வருஷம் செப்டெம்பரில் மெயின் பொயிண்டில் சர்வதேச அலையாட்டப் போட்டி நடந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த வருஷம் கொரோனா. 2018-இல் 23 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2021-இல் 2 லட்சம் பேர்கூட வரவில்லை.

2022 வேறு விதமான அடி. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 வரைக்கும் போனது. டொலர் வைத்திருக்கிற பயணிக்கு இலங்கை மலிவாகிவிட்டது. ஆனால் நூலும் சாயமும் வெளியிலிருந்து வருகிறவை. அவற்றின் விலை ஏறித் தறிக்காரர் திணறினார்கள். டீசல் வரிசையில் பஸ் நின்றது. வாங்க வருகிறவருக்கு மலிவு, செய்கிறவருக்கு நெருப்பு விலை, நடுவில் நாங்கள்.

2024 ஒக்டோபர் 23 அன்று, அறுகம்பேயில் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் நாட்டவரை உடனே வெளியேறச் சொன்னது. தெருவில் பொலிசும் படையும் நின்றார்கள், வாங்குகிற ஆட்கள் குறைந்துபோனார்கள். காஸாவில் நடப்பதைப் பார்த்து எங்கள் ஊரில் கண்ணீர் விடாத வீடு இல்லை. அந்த வேதனை எனக்கும் உண்டு. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டும், மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற தனி மனிதரிடம் மரியாதையாகத்தான் பேச வேண்டும், எங்கள் தெருவுக்கு வந்த எவருக்கும் ஒரு கீறலும் விழக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இத்தனை அடியிலும் எங்களைத் தாங்கியது தறிக்காரரோடு இருக்கிற நம்பிக்கை. சீசன் தொடக்கத்தில் பொதியைக் கடனாகத் தருவார்கள், விற்க விற்கக் காசு கொடுப்போம். 2019-இல் பல பொதிகள் விற்காமல் திரும்பின. ராத்தா ஒரு சொல் சொல்லாமல் வாங்கி அலுமாரியில் வைத்தார். வங்கியில் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு படிவமும் கிடையாது.

இடம் வேண்டும்

சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீட்டருக்குள் திரும்பக் கட்டக் கூடாது என்று 2005-இல் ஒரு விதி வந்தது. பெரிய ஹோட்டல்களுக்கு ஒரு நியாயம், மீனவருக்கும் சின்னக் கடைக்காரருக்கும் ஒரு நியாயமா என்று உல்லை மக்கள் ஊர்வலம் போனார்கள். கனடா எழுத்தாளர் நவோமி கிளைன் 2007-இல் வெளியிட்ட 'த ஷொக் டொக்ட்ரின்' நூலில் சுனாமி பற்றிய அத்தியாயத்தை இந்த உல்லைக் கரையிலிருந்துதான் எழுதத் தொடங்குகிறார். அந்த விதி பிறகு தளர்ந்தது. ஆனால் கரையோரத்தில் யாருக்கு இடம் என்ற கேள்வி இன்றும் அப்படியேதான் இருக்கிறது. மேசைக்காரனை இன்றைக்கு இங்கே நில் என்பார்கள், நாளைக்கு அங்கே போ என்பார்கள்.

இந்தியாவில் 2014-இல் தெரு வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த இடத்தில் விற்கலாம் என்று தீர்மானிக்கிற நகரக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளே தெரிவுசெய்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒன்று பெண்கள் என்று அதில் இருக்கிறது. எல்லா ஊரிலும் அது சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்களைக் கேட்டு எங்களுக்கு இடம் தருவது என்ற எண்ணம் சரியானது. உல்லையிலும் அப்படி ஒன்று வேண்டும். அதில் ஒரு வரிசையை மருதமுனைத் தறிக்கும், பன் பாய்க்கும், இந்தக் கரையில் செய்த மற்றச் சாமானுக்கும் ஒதுக்க வேண்டும். பாய் இழைக்கிற பெண்களே வந்து உட்கார்ந்து விற்க முடிகிற மாதிரிப் பாதுகாப்பும் கழிவறையும் இருக்க வேண்டும்.

பேருக்கும் ஒரு காப்பு வேண்டும். 2022-இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது. தமிழ்நாட்டில் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் கிடைத்தது. மருதமுனைச் சாரனுக்கும் அப்படி ஒரு முத்திரை வந்தால், எங்கோ மெஷினில் நெய்ததை எங்கள் ஊர்ப் பேரில் யாரும் விற்க முடியாது. படித்த பொடியன்கள் நாட்டில் குறைவில்லை, ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. இந்த வேலையை யாராவது கையில் எடுங்கள். தறிக்காரரிடம் கூட்டிப்போக நான் வருகிறேன்.

உல்லைக்கு வர இருக்கிற நம் நாட்டு ஆட்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த மேசையில் வாங்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இது எங்கே செய்தது? யார் செய்தது? செய்தவருக்கு என்ன கிடைக்கும்? உங்களுக்கு முன்னால் நிற்கிறவருக்குப் பதில் தெரிந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். தெரியாவிட்டால் அடுத்த தடவை அவர் தெரிந்துவைத்திருப்பார், ஏனென்றால் கேட்கிற ஆள் வரத் தொடங்கிவிட்டார் என்று அவருக்கு விளங்கும்.

உத்தியோகம் பார்க்கப்படாதா என்று கேட்ட மாமிக்கும் சொல்கிறேன். ஒரு ராத்தாவின் தறி மாரி காலத்திலும் ஓடுவதற்கு என் மேசையும் ஒரு காரணம். அந்தத் தறி ஓடுகிற வரைக்கும் இந்த வேலையை விட எனக்கு எண்ணமில்லை. இன்ஷா அல்லாஹ், வருகிற சீசனுக்கு நீலத்தோடு பச்சையும் போட்டு நெய்யச் சொல்லியிருக்கிறேன். வந்து பாருங்கள்.